போர்ட்டபிள் சார்ஜரில் சிவப்பு விளக்கு: எர்த், சூடாகும் பிளக், கழற்ற வராத கன்

நொய்யல்கரை:
திருப்பூரில் ஒரு பழைய வீட்டின் தரைத்தளத்தில் வாடகைக்குக் குடியிருக்கிறோம். அண்மையில் வாங்கிய மின்சாரக் காருடன் வந்த போர்ட்டபிள் சார்ஜரை, முன்பு கீசருக்காகப் போடப்பட்டிருந்த 15 ஆம்பியர் பவர் பிளக்கில் செருகினால், பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்து சார்ஜ் ஏறாமல் நின்றுவிடுகிறது. கையேட்டில் அந்த விளக்குக்கு எர்த் கோளாறு என்று போட்டிருக்கிறது. இதே பெட்டியை அலுவலகத்தில் செருகினால் எந்தத் தடையுமின்றிச் சார்ஜ் ஏறுவதால், பெட்டியிலோ காரிலோ பழுது இருக்க வாய்ப்பில்லை என்று நினைக்கிறேன்.

எங்கள் தெருவுக்கு வழக்கமாக வரும் எலக்ட்ரீஷியன், சாக்கெட்டைத் திறந்து நியூட்ரல் (மின்சாரம் திரும்பிப் போகும் கம்பி) முனையிலிருந்து எர்த் முனைக்கு ஒரு துண்டுக் கம்பி போட்டுவிட்டால் ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடும் என்கிறார். வீட்டு உரிமையாளரோ, எர்த் போடுவதற்காகத் தரையை உடைக்க வேண்டாம் என்கிறார். துண்டுக் கம்பியைப் போட்டுக்கொள்வதில் உண்மையிலேயே ஆபத்து உண்டா, அல்லது அது ஒரு விதிமுறைச் சிக்கல் மட்டும்தானா என்பதை விவரம் தெரிந்தவர்கள் விளக்க வேண்டும்.

பழைய வயர்மேன்:
தம்பி, அந்தத் துண்டுக் கம்பியை மட்டும் போட விடாதீர்கள். மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

மின்கம்பத்திலிருந்து வீட்டுக்கு வருவது பெரும்பாலும் பேஸும் (மின்சாரம் வரும் கம்பி) நியூட்ரலும் மட்டுமே. எர்த் என்பது நம் மனையில் நாமே மண்ணில் புதைத்துக்கொள்வது. பழைய வீடுகளில் எர்த் குழி வறண்டு போயிருக்கும், அல்லது குழாயோடு இருந்த இணைப்பு துருப்பிடித்து அற்றுப் போயிருக்கும். சில வீடுகளில் சாக்கெட்டின் மூன்றாவது துளைக்குப் பின்னால் கம்பியே இருக்காது. கீசருக்கும் மிக்ஸிக்கும் இது தெரியாது, அவை பாட்டுக்கு ஓடும். கார் சார்ஜர் பெட்டி மட்டும்தான் மின்சாரத்தைத் திறந்துவிடும் முன் எர்த் உண்மையில் இருக்கிறதா என்று சோதித்து, இல்லையென்றால் உள்ளே இருக்கும் ரிலே சுவிட்சை இணைக்காமல் நின்றுவிடுகிறது.

நியூட்ரலிலிருந்து கம்பி போட்டால் பெட்டியின் சோதனை நிறைவேறிவிடும். மண்ணுக்குள் எதுவும் மாறியிருக்காது. இனி, காற்றில் மரக்கிளை விழுந்தோ, கம்பத்தில் ஜம்பர் (இணைப்புக் கம்பி) தளர்ந்தோ உங்கள் வீட்டுக்கு வரும் நியூட்ரல் அறுந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். நம் ஊர்களில் மழைக்காலத்தில் இது அரிதல்ல. அப்போது பேஸ் மின்சாரம் உங்கள் பிரிட்ஜ், மின்விசிறி, பல்பு ஆகியவற்றின் வழியாக நியூட்ரல் கம்பிக்குள் வந்து, திரும்பிப் போக வழியின்றி, அந்தத் துண்டுக் கம்பியின் வழியே எர்த் முனைக்கும், அங்கிருந்து சார்ஜிங் கேபிள் வழியே காரின் உடம்புக்கும் போய்ச் சேரும். மீட்டர் பெட்டியில் யாரோ வேலை பார்த்துவிட்டு பேஸையும் நியூட்ரலையும் இடம் மாற்றிக் கட்டிவிட்டாலோ இன்னும் மோசம். 230 வோல்ட் நேராகக் காரின் கதவுப் பிடியில் வந்து நிற்கும். வீட்டில் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) இருந்தால் அது விழுந்து காப்பாற்ற வாய்ப்பு உண்டு. எர்த் இல்லாத பழைய வீட்டில் அதுவும் இருக்காது என்பதுதான் நடைமுறை.

தரையை உடைக்கத் தேவையே இல்லை. காம்பவுண்டு சுவரோரம் இரண்டடி மண் இருந்தால் போதும். இந்தியத் தரநிலை 3043-இன்படி 2.5 மீட்டருக்குக் குறையாத ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாயை இறக்கி, அதிலிருந்து பச்சை நிறச் செம்புக் கம்பியை வெளிச்சுவர் வழியாகவே பைப்பில் கொண்டு வந்துவிடலாம். இடம் குறைவாக இருந்தால் கெமிக்கல் எர்த் என்று கடைகளில் விற்பதைப் போடலாம்.

இருவழிச்சாலை:
ஐயா சொல்வதை மறுப்பதாக எண்ண வேண்டாம். ஆனால் எங்கள் பகுதியில் பல வீடுகளில் இப்படி நியூட்ரல் லூப் போட்டுத்தான் சார்ஜ் ஏற்றுகிறார்கள். இதுவரை ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மேலும் கார் நான்கு ரப்பர் டயர்களின் மேல்தான் நிற்கிறது. மின்கசிவு ஏற்பட்டாலும் அது தரைக்குப் போக வழியில்லையே? வாடகை வீட்டில் இருப்பவர்கள் உரிமையாளரிடம் மல்லுக்கட்ட முடியாது என்பதையும் நாம் யோசிக்க வேண்டும்.

பழைய வயர்மேன்:
ரப்பர் டயர்தான் இங்கே சிக்கலே. டயர் மின்சாரத்தைக் கடத்தாததால், சார்ஜ் ஏறும் நேரத்தில் காரின் உடம்புக்கும் மண்ணுக்கும் இருக்கும் ஒரே தொடர்பு அந்த எர்த் முனைதான். அதில் மின்சாரம் ஏறிவிட்டால் காருக்கு ஒன்றும் ஆகாது, பியூஸும் போகாது, விளக்கும் அணையாது. கார் அப்படியே மின்னேற்றத்துடன் அமைதியாக நின்றுகொண்டிருக்கும். காலையில் வாசல் தெளித்த ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று யாராவது கதவைத் தொட்டால், மண்ணுக்கான வழி அந்த ஆளின் உடம்பாகத்தான் இருக்கும்.

ஒன்றும் ஆகவில்லை என்பதன் பொருள், அந்த வீடுகளில் நியூட்ரல் இன்னும் அறுந்துபோகவில்லை என்பது மட்டுமே. இந்த ஏற்பாடு எல்லாம் சரியாக இருக்கும் வரை வேலை செய்யும், ஏதாவது ஒன்று தவறும் நாளில் ஆளைக் கொல்லும். எர்த் எதற்காக வைக்கப்பட்டதோ அதற்கு நேர் எதிரான குணம் இது.

உரிமையாளர் பிரச்சினை எனக்கும் புரிகிறது. அதற்கு வழி, சார்ஜர் பாயிண்டுக்கென்று தனியாக வெளிச்சுவரிலேயே லைன் இழுத்து, வீட்டைக் காலி செய்யும்போது கழற்றிக்கொண்டு போய்விடலாம் என்று சொல்வதுதான். எர்த் வீட்டுக்கும் பயன்படும் என்றால் பெரும்பாலோர் ஒப்புக்கொள்வார்கள்.

நொய்யல்கரை:
மிக்க நன்றி ஐயா. துண்டுக் கம்பி யோசனையைக் கைவிட்டுவிட்டேன். இன்னொரு சந்தேகம். அதே எலக்ட்ரீஷியன், பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே 100 வாட் குண்டு பல்பைப் பிடித்துப் பார்த்து, பல்பு நன்றாக எரிந்தால் எர்த் நல்ல நிலையில் இருக்கிறது என்று பொருள் என்கிறார். புதிய எர்த்தை இப்படிச் சோதித்தால் போதுமா?

பழைய வயர்மேன்:
பல்பு எரியாவிட்டால் எர்த் இல்லை என்று உறுதியாகச் சொல்லலாம். பல்பு எரிந்தால் எர்த் நன்றாக இருக்கிறது என்று சொல்ல முடியாது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 230 வோல்ட்டில் 100 வாட் பல்பு இழுப்பது அரை ஆம்பியருக்கும் குறைவு. அதன் மின்தடை ஏறத்தாழ 530 ஓம். உங்கள் எர்த் 50 ஓம் என்ற மோசமான நிலையில் இருந்தாலும் பல்புக்கு 210 வோல்ட் கிடைத்துவிடும், கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. ஆனால் அதே 50 ஓம் எர்த்தில் பேஸ் நேரடியாக உடைந்து பாய்ந்தால் ஓடுவது 4.6 ஆம்பியர்தான். 20 ஆம்பியர் எம்.சி.பி. (அளவுக்கு மீறி மின்சாரம் ஓடினால் விழும் சுவிட்ச்) அதைச் சாதாரண லோடு என்று எண்ணிக் கண்டுகொள்ளாது. ஆர்.சி.சி.பி. உள்ள லைனில் இந்தப் பல்புச் சோதனையைச் செய்தால் அது உடனே விழுந்துவிடும் என்பதையும் சொல்லி வைக்கிறேன். விழுந்தால் பழுது என்று நினைக்காதீர்கள்.

எர்த் மெக்கர் (எர்த்தின் மின்தடையை அளக்கும் கருவி) வைத்திருப்பவரை அழைத்து அளக்கச் சொல்லுங்கள். 5 ஓமுக்குக் கீழே வந்தால் நல்லது. கூடவே 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றை இந்த லைனுக்கென்று தனியாகப் போட வேண்டும். கடையில் கேட்காமல் வாங்கினால் மாறுதிசைக் கசிவை மட்டும் உணரும் ஏ.சி. வகையைக் கொடுத்துவிடுவார்கள்; அட்டையில் ‘ஏ’ வகை என்று பார்த்து வாங்குங்கள். காரின் உள்ளே மாறுதிசை மின்சாரம் நேர்மின்சாரமாக மாற்றப்படுவதால், அங்கே ஏற்படும் கசிவிலும் நேர்மின்சாரம் கலந்திருக்கலாம். அது ஆர்.சி.சி.பி.யின் உள்ளே இருக்கும் காந்தக் கருவை மந்தமாக்கிவிட்டால், உண்மையான கசிவு வரும்போது அது விழாது. அதனால்தான் தரமான சுவர்ச் சார்ஜர்களில் 6 மில்லி ஆம்பியர் நேர்மின் கசிவைக் கண்டுபிடித்துத் துண்டிக்கும் அமைப்பு உள்ளேயே இருக்கிறது. அது இருந்தால் வெளியே ‘ஏ’ வகை போதும். இல்லாவிட்டால் விலை கூடிய ‘பி’ வகைதான் முறை.

பைலட்_கம்பி:
நான் வாகனப் பணிமனையில் வேலை செய்பவன். எர்த் பற்றி ஐயா முழுமையாகச் சொல்லிவிட்டார். கீசர் பாயிண்டைப் பயன்படுத்துவது பற்றி யாரும் பேசவில்லை என்பதால் எழுதுகிறேன், ஏனென்றால் எங்களிடம் வரும் உருகிப்போன பிளக் டாப்களில் பெரும்பாலானவை இப்படிப்பட்ட பாயிண்டுகளில் செருகப்பட்டவை.

கீசர் கால் மணி நேரம் ஓடி நின்றுவிடும். கார் அப்படியல்ல. 30 யூனிட் பேட்டரியை 3 கிலோவாட்டில் நிரப்ப ஏறத்தாழ பத்து மணி நேரம், ஒரே சீராக 13 ஆம்பியர் அந்தச் சாக்கெட்டின் வழியே ஓடிக்கொண்டிருக்கும். சாக்கெட்டின் உள்ளே இருக்கும் பித்தளைப் பட்டைகள் தளர்ந்து, தொடும் இடத்தில் ஓர் ஓமில் பத்தில் ஒரு பங்கு தடை உருவானாலே போதும். மின்னோட்டத்தின் வர்க்கத்தைத் தடையால் பெருக்கினால் 17 வாட் வெப்பம் அந்த ஒரு புள்ளியில் பிறக்கிறது. ரேடியோ மெக்கானிக் வைத்திருக்கும் 25 வாட் பற்றவைப்புக் கோலை, கொஞ்சம் குறைந்த சூட்டில், இரவு முழுவதும் பிளாஸ்டிக் சாக்கெட்டுக்குள் செருகி வைத்திருப்பதற்கு இது சமம். சூடேறிய பட்டை தன் விறைப்பை இழந்து மேலும் தளரும், தளர்ந்தால் தடை கூடும், தடை கூடினால் சூடு கூடும். எம்.சி.பி. இதில் தலையிடாது, அதைப் பொறுத்தவரை ஓடுவது அதே 13 ஆம்பியர்தான்.

ஆகவே புதிய லைன் போடும்போதே சாக்கெட்டையும் புதிதாக, நல்ல தயாரிப்பாக, 16 ஆம்பியரில் போட்டுவிடுங்கள். பழைய வீடுகளில் கீசருக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பிதான் இழுத்திருப்பார்கள். காருக்கு 4 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியும் 20 ஆம்பியர் எம்.சி.பி.யும் போடச் சொல்லுங்கள். பின்னால் 7.2 கிலோவாட் சுவர்ச் சார்ஜர் வைக்கும் எண்ணம் இருந்தால் அது 32 ஆம்பியர் இழுக்கும், அதற்கு 6 சதுர மில்லிமீட்டராவது வேண்டும், தூரம் அதிகமென்றால் 10. அனுமதிக்கப்பட்ட மின்பளுவையும் அப்போது கூட்டிக்கொள்ள வேண்டியிருக்கும்.

முதல் வாரத்தில் சார்ஜ் ஏறத் தொடங்கி ஒரு மணி நேரம் கழித்துப் பிளக் டாப்பின் மேல் புறங்கையை வைத்துப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருப்பது இயல்பு. கையை வைத்திருக்க முடியவில்லை என்றாலோ, மீன் கருகியது போன்ற வாடை வந்தாலோ, சுவரில் இருக்கும் எம்.சி.பி.யை முதலில் இறக்கிவிட்டுத்தான் பிளக்கைத் தொட வேண்டும். உங்கள் பெட்டியில் மின்னோட்டத்தைக் குறைக்கும் வசதி இருந்தால், 13-லிருந்து 8 ஆம்பியருக்குக் குறைத்தாலே வெப்பம் பாதிக்கும் கீழே வந்துவிடும். தளர்ந்த சாக்கெட்டை அப்படியே வைத்துக்கொள்வதற்கு இது வழியல்ல, வெளியூரில் வேறு வழியில்லாத ஓர் இரவுக்கு மட்டும்.

யாழ்_லீஃப்:
யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். இங்கே ஜப்பானிலிருந்து இறக்குமதியான பழைய நிசான் லீஃப் வாகனங்கள்தான் அதிகம். அவற்றுடன் வரும் 200 வோல்ட் சார்ஜிங் கேபிள் 15 அம்பியர் வரை இழுக்கக்கூடியது. இங்குள்ளவர்கள் அதன் ஜப்பானிய செருகியை வெட்டிவிட்டு, பியூஸ் உள்ள 13 அம்பியர் சதுர ஊசிச் செருகியைப் பூட்டிவிடுகிறார்கள். பியூஸ் இருக்கும் பக்கம் பழுப்பேறிக் கருகுவதைப் பல வீடுகளில் கண்டிருக்கிறேன். பைலட்_கம்பி அவர்கள் மேலே சொன்ன கணக்கு இதற்கும் பொருந்தும் என்று விளங்குகிறது.

எனது கேள்வி வேறு. இந்த வாகனங்களின் டைப் 1 கன்னில், அதாவது கேபிளின் கார் பக்கச் செருகியில், மேலே ஒரு கொக்கியும், அதை விடுவிக்கும் பொத்தானும் உண்டு. எனது கன்னில் அந்தக் கொக்கி உடைந்துவிட்டது. செருகினால் சார்ஜ் ஏறுகிறது, ஆனால் கேபிளில் கால் பட்டாலே நின்றுவிடுகிறது. கேபிள் டை போட்டு இறுக்கிக் கட்டிவிடலாம் என்று நண்பர் ஒருவர் சொல்கிறார். அது சரிதானா?

பைலட்_கம்பி:
கட்ட வேண்டாம். அந்தப் பொத்தான் கொக்கியைத் தூக்குவதற்கு மட்டும் இருப்பதல்ல. அதை அழுத்தியதும் உள்ளே ஒரு சிறு சுவிட்ச் திறந்து, கன் கழற்றப்படப் போகிறது என்ற செய்தி காருக்குப் போகிறது. கார் உடனே மின்னோட்டத்தை நிறுத்திவிடும். அதன் பிறகுதான் ஊசிகள் பிரிய வேண்டும் என்பது ஏற்பாடு. கொக்கி உடைந்த கன் ஆடும்போதெல்லாம் ஊசிகள் பாதி தொட்டும் தொடாமலும் இருக்கும். அந்த இடத்தில் சிறு தீப்பொறிகள் எழுந்து கன்னோடு சேர்த்துக் காரின் இன்லெட்டையும் (கன்னைச் செருகும் இடம்) கருக்கிவிடும். கொக்கியோ கன் தலையோ தனியாகக் கிடைக்கும், அதை மாற்றுவது இன்லெட்டை மாற்றுவதைவிட எவ்வளவோ மலிவு.

அவசரத்தில் கன்னை இழுத்துவிட்டாலும் பெரிய ஆபத்து வராதபடி இன்னொரு பாதுகாப்பும் இருக்கிறது. டைப் 1, டைப் 2 என்ற இரு கன் வகைகளிலும் எர்த் ஊசிதான் முதலில் தொட்டு, கடைசியில் பிரியும். கண்ட்ரோல் பைலட் என்ற சமிக்ஞை ஊசி குட்டையானது. கடைசியில் தொட்டு, முதலில் பிரியும். அது பிரிந்த கணமே சார்ஜர் மின்சாரத்தை நிறுத்திவிடும். அந்த ஊசியில் ஓடும் 12 வோல்ட் சமிக்ஞைதான், கார் செருகப்பட்டிருக்கிறதா, தயாராக இருக்கிறதா, எத்தனை ஆம்பியர் வரை இழுக்கலாம் என்பதையெல்லாம் இரு பக்கத்துக்கும் சொல்கிறது. கன்னைச் செருகியும் எதுவும் நடக்கவில்லை என்ற புகார்களில் நான் முதலில் பார்ப்பது அந்தச் சின்ன ஊசியைத்தான்.

இரண்டாம்தளம்:
சென்னையில் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறோம். சங்கத்தினர் வாகன நிறுத்துமிடத்தில் சார்ஜர் பாயிண்ட் வைக்க அனுமதிக்க மறுக்கிறார்கள். அதனால் என் கணவர் இரண்டாம் தளத்து பால்கனியிலிருந்து எக்ஸ்டென்ஷன் ஒயர் இறக்கிச் சார்ஜ் ஏற்றலாம் என்கிறார். கெட்டியான ஒயராக வாங்கினால் பாதுகாப்பாக இருக்குமா?

நெறியாளர்:
வேண்டாம் சகோதரி. ஒயர் எவ்வளவு கெட்டியாக இருந்தாலும், எக்ஸ்டென்ஷன் போட்டால் சூடேறக்கூடிய இணைப்புகள் ஒன்றுக்கு இரண்டாகிவிடும். அதில் ஒன்று தரையில், மழை நீர் தேங்கும் இடத்தில் கிடக்கும். சுருளாகச் சுற்றி வைத்த ஒயராக இருந்தால் சுருளுக்குள்ளேயே வெப்பம் தங்கி உறை இளகிவிடும். மத்திய மின்சார ஆணையம் 2019-இல் தன் பாதுகாப்பு ஒழுங்குமுறைகளில் சார்ஜிங் நிலையங்களுக்காகச் சேர்த்த பகுதியே எக்ஸ்டென்ஷன் ஒயரையும், கன்னுக்கும் காருக்கும் இடையே போடும் அடாப்டரையும் விலக்குகிறது. சாக்கெட் தரையிலிருந்து குறைந்தது 800 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும், சார்ஜர் பாயிண்டிலிருந்து 5 மீட்டருக்குள் கார் நிற்க வேண்டும் என்பவையும் அதில் உள்ளன. வீட்டுக்கும் இவற்றையே அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம்.

சங்கத்தினரிடம் பேசுவதற்கு உங்களிடம் வலுவான வாதம் இருக்கிறது. வீடுகளிலும் அலுவலகங்களிலும் தனியார் சார்ஜிங்குக்கு அனுமதி உண்டு என்பதை மத்திய மின் அமைச்சகம் 2018 டிசம்பரிலேயே தன் நெறிமுறைகளில் சொல்லிவிட்டது. உங்கள் வீட்டு மீட்டரிலிருந்தே தனி எம்.சி.பி., தனி ஆர்.சி.சி.பி. போட்டு, உரிமம் பெற்ற ஒப்பந்ததாரர் மூலம் நிறுத்துமிடத்துக்கு லைன் இழுத்துக்கொள்கிறோம், அவரிடம் சோதனை அறிக்கையும் வாங்கித் தருகிறோம் என்று எழுத்தில் கொடுங்கள். சங்கங்களின் தயக்கம் பெரும்பாலும் பொதுக் கட்டணத்தைப் பற்றியதும் தீ விபத்தைப் பற்றியதுமே. இரண்டுக்கும் ஒரே கடிதத்தில் பதில் இருந்தால் பேச்சு எளிதாகும்.

பழைய_என்எச்45:
சென்னையிலிருந்து திருச்சி போகும் வழியில், உளுந்தூர்பேட்டையைத் தாண்டி ஒரு விரைவுச் சார்ஜரில் நடந்தது. சி.சி.எஸ். 2 (விரைவுச் சார்ஜுக்கான ஒரு செருகி வகை) கன். சார்ஜ் ஏறி முடிந்ததாகத் திரை காட்டியது, ஆனால் கன் கழற்ற வரவில்லை. காவலாளி காலை பம்பரில் ஊன்றிக்கொண்டு இழுத்துப் பார்த்தார். பக்கத்துக் காரில் இருந்த ஒருவர் சிவப்பு அவசரப் பொத்தானை அழுத்துங்கள் என்றார். கடைசியில் காரை இருமுறை பூட்டித் திறந்த பிறகு கன் தானாகவே வந்துவிட்டது. எதனால் சிக்கியது, எதனால் வந்தது என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை. அடுத்த முறை நள்ளிரவில் சிக்கிக்கொண்டால் என்ன வரிசையில் முயல வேண்டும்?

பைலட்_கம்பி:
சி.சி.எஸ். 2-இல் பூட்டு கன்னில் இல்லை, காரில் இருக்கிறது. இன்லெட்டிலிருந்து ஒரு சிறு மோட்டார் ஓர் ஊசியை வெளியே தள்ளிக் கன்னில் உள்ள குழியில் மாட்டிவிடுகிறது. நேர்மின்சாரம் நூற்றுக்கணக்கான வோல்ட்டில் ஓடும்போது யாரும் கன்னைப் பிடுங்கிவிடக் கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு. பிடுங்கினால் எழும் மின்வில் (இடைவெளியைத் தாண்டி எரியும் தீப்பொறி) தானாக அணைவது கடினம். ஆகவே பூட்டு திறக்க, சார்ஜிங் முடிந்தது என்பதைச் சார்ஜர், கார் இரண்டும் ஒப்புக்கொள்ள வேண்டும், காரும் பூட்டு நீக்கப்பட்டிருக்க வேண்டும்.

உங்களுக்கு நடந்தது மிகவும் சாதாரணமானது. விரைவுச் சார்ஜர் கேபிள் கனமானது; அது தொங்கும்போது கன்னின் மூக்கு மேல்நோக்கித் தூக்கி, பூட்டு ஊசி குழியின் விளிம்பில் இறுகிவிடும். மோட்டார் சிறியது, அந்த இறுக்கத்தை எதிர்த்து அதனால் பின்வாங்க முடியாது. காவலாளி இழுக்க இழுக்க இறுக்கம் கூடியிருக்கும். செய்ய வேண்டியது நேர்மாறானது. முதலில் செயலியிலோ திரையிலோ சார்ஜிங்கை முறையாக நிறுத்தி, மின்னோட்டம் பூஜ்யம் என்று காட்டுகிறதா என்று பாருங்கள். பிறகு ஒருவர் கேபிளின் பாரத்தைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, கன்னைக் காரை நோக்கி உள்ளே அழுத்த வேண்டும். அழுத்திப் பிடித்தபடியே இன்னொருவர் சாவியால் காரைப் பூட்டித் திறக்க வேண்டும். ‘டக்’ என்ற ஒலி கேட்டதும் நேராக இழுங்கள். வரவில்லையென்றால் ஐந்து நிமிடம் காரைப் பூட்டி விட்டுவிட்டு மீண்டும் முயலுங்கள், ஏனென்றால் சில கார்களில் உள்கணினி உறங்கி எழுந்த பிறகே பூட்டு விடுபடும். காரின் 12 வோல்ட் பேட்டரி இறங்கியிருந்தாலும் இந்த மோட்டார் அசையாது என்பதை நினைவில் வையுங்கள்.

இவை எதுவும் பலிக்காதபோது பயன்படுத்தவே பெரும்பாலான கார்களில் கையால் இழுக்கும் விடுவிப்புக் கயிறு ஒன்று டிக்கியின் ஓரத்திலோ பானட்டுக்கு அடியிலோ இருக்கிறது. அது உங்கள் காரில் எங்கே இருக்கிறது என்பதைப் பகலில், வீட்டில், கையேட்டை வைத்துக்கொண்டு பார்த்துவிடுங்கள். இரவில் கைபேசி விளக்கில் தேடும் பொருளல்ல அது. மின்னோட்டம் நின்றது உறுதியாகும் முன் அதை இழுக்கவும் கூடாது.

அவசரப் பொத்தான் புகை, தீப்பொறி, விபத்து ஆகியவற்றுக்கு மட்டுமே. கன் சிக்கியதற்கு அதை அழுத்தினால், ஓடிக்கொண்டிருக்கும் மின்சாரத்தைச் சார்ஜர் ஒரே வெட்டாக வெட்டும். கன் வராமலும் போகலாம். அதோடு பல இடங்களில் நிறுவனத்தின் ஆள் வந்து மீட்டமைக்கும் வரை அந்தச் சார்ஜர் செத்துக் கிடக்கும், உங்களுக்குப் பின்னால் நிற்பவர் அங்கேயே தங்க வேண்டியதுதான்.

முத்துநகர்:
தூத்துக்குடியில் உப்புக்காற்று எதையும் விட்டுவைப்பதில்லை. என் காரின் இன்லெட் ஊசிகளில் ஒன்றிரண்டு லேசாகப் பச்சைக் களிம்பு பிடித்திருக்கின்றன. உப்புத்தாள் கொண்டு தேய்த்துவிட்டுக் கொஞ்சம் எண்ணெய் தடவிவிடலாமா? மூடியைச் சரியாக மூடாமல் விட்ட ஒரு மாதத்தில் உள்ளே குளவி மண்கூடு கட்டியிருந்ததையும் குச்சியால் எடுத்தேன். மழையில் நனைந்தபடி சார்ஜ் ஏற்றலாமா என்பதையும் யாராவது தெளிவாகச் சொன்னால் நல்லது.

பைலட்_கம்பி:
அண்ணாச்சி, உப்புத்தாளைத் தொடாதீர்கள். ஊசிகளின் மேல் மெல்லிய வெள்ளிப் பூச்சு இருக்கிறது. தடை குறைவாக இருப்பதற்கே அந்தப் பூச்சு. தேய்த்தால் முதலில் போவது அதுதான்; அதன்பின் அடியிலிருக்கும் செம்பு இன்னும் வேகமாகக் களிம்பேறி, ஒவ்வொரு முறையும் முன்னைவிடச் சூடாகும். எண்ணெயும் வேண்டாம், அதில் தூசியும் மணலும் ஒட்டிக்கொண்டு பசையாகிவிடும். காரை அணைத்துவிட்டு, கன் எதுவும் செருகப்படாத நிலையில், உலர்ந்த மென்மையான தூரிகையாலும் காற்றுப் பம்பாலும் தூசியை மட்டும் நீக்குங்கள். குளவிக் கூட்டை எடுக்கும்போது கம்பியோ ஊக்கோ உள்ளே போகவே கூடாது. பச்சை நிறம் திரும்ப வந்தால் பணிமனையில் காட்டி, மின்தொடர்புக்கென்று உள்ள கிளீனரால் சுத்தம் செய்துகொள்ளுங்கள்.

களிம்பைவிட நான் அஞ்சுவது கருகிய ஊசியை. பொதுச் சார்ஜரில் கன்னைக் கையில் எடுத்ததும், செருகும் முன், கைபேசி விளக்கை அடித்து உள்ளே ஒருமுறை பாருங்கள். ஒரு துளை மட்டும் கறுத்திருந்தாலோ, சுற்றியுள்ள பிளாஸ்டிக் கொப்பளித்திருந்தாலோ, பழுப்பேறியிருந்தாலோ அதை உங்கள் காரில் செருக வேண்டாம். அந்தக் கன் உங்கள் இன்லெட்டைக் கருக்கும். கருகிய உங்கள் இன்லெட் அடுத்த ஊரில் ஒரு நல்ல கன்னைக் கருக்கும். புகைப்படம் எடுத்து நிறுவனத்துக்கு அனுப்பிவிட்டு அடுத்த கன்னுக்குப் போங்கள்.

மழையில் சார்ஜ் ஏற்றலாம். செருகிய நிலையில் கன் நீர் தெறிப்பைத் தாங்கும்படியே செய்யப்பட்டிருக்கிறது, இன்லெட்டின் அடியில் நீர் வடியத் துளையும் உண்டு. செருகும்போதுதான் கவனம் வேண்டும். தரையில் கிடந்து நீர் நிரம்பிய கன்னை முகம் கீழாகப் பிடித்து உதறிவிட்டுச் செருகுங்கள். விரைவுச் சார்ஜர் மின்சாரத்தைத் தொடங்கும் முன் கேபிளின் மின்காப்பை (இன்சுலேஷன்) சோதிக்கும். ஈரம் இருந்தால் ‘ஐசோலேஷன்’ என்ற பிழையோடு அங்கேயே நின்றுவிடும். அப்போது மீண்டும் மீண்டும் முயலாமல் வேறு கன்னுக்கு மாறுவதே சரி. போர்ட்டபிள் சார்ஜரின் பெட்டியும் சுவர்ப் பிளக்கும் மட்டும் மழையில் நனையவே கூடாது, அவை வீட்டுச் சாமான்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையிலும், அதே மாதம் உங்கள் ஊரிலும் நின்றதைப் போல வெள்ளம் காருக்குள் ஏறியிருந்தால், வெளியே காய்ந்துவிட்டது என்று சார்ஜில் போடாமல், பணிமனையில் சோதித்த பிறகே கன்னைக் கிட்டக் கொண்டு போக வேண்டும்.

நொய்யல்கரை:
இந்த இழையை உரிமையாளரிடம் படித்துக் காட்டிய பிறகு அவரே காம்பவுண்டு ஓரத்தில் எர்த் போடச் சம்மதித்தார். மெக்கரில் அளந்ததில் 5 ஓமுக்குக் கீழே வந்தது. 4 சதுர மில்லிமீட்டர் கம்பி, புதிய சாக்கெட், ‘ஏ’ வகை ஆர்.சி.சி.பி. எல்லாம் போட்டாயிற்று, பெட்டியில் பச்சை விளக்கு எரிகிறது, பிளக்கும் சூடாகவில்லை. ஆனால் புதிதாக ஒன்று தலைகாட்டுகிறது. கார் சார்ஜ் ஏறாத நேரத்தில் ஆர்.சி.சி.பி. விழாமல் நிற்கிறது. சார்ஜ் போட்டால் சில விநாடிகளில் விழுகிறது. சில நேரம், கார் இல்லாதபோதே, வீட்டுக்குள் தண்ணீர் மோட்டார் போட்டாலும் விழுகிறது. ஆர்.சி.சி.பி.யே பழுதா?

பழைய வயர்மேன்:
மோட்டார் போட்டால் விழுகிறது என்றால் ஆர்.சி.சி.பி.யைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. ஆர்.சி.சி.பி.க்குப் பின்னால் வரும் புதிய லைனின் நியூட்ரல், எங்கோ ஓரிடத்தில் வீட்டின் பழைய நியூட்ரலோடு சேர்ந்திருக்கிறது. பேஸ் வழியாகப் போன மின்சாரம் முழுவதும் அதே ஆர்.சி.சி.பி.யின் நியூட்ரல் வழியாகத் திரும்ப வேண்டும். பாதி வேறு வழியாகத் திரும்பினால் அது கசிவு என்று கணக்கிட்டு விழுந்துவிடும். வீட்டு மோட்டாரின் நியூட்ரல் மின்சாரம் உங்கள் லைனுக்குள் நுழைந்தாலும் அதே கதைதான்.

மெயினை இறக்கிவிட்டு, ஆர்.சி.சி.பி.யின் கீழ்ப்பக்கத்து நியூட்ரல் கம்பியைக் கழற்றி, அதற்கும் வீட்டு நியூட்ரல் பட்டைக்கும் இடையே மல்டிமீட்டரில் தொடர்பு இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனைப் பார்க்கச் சொல்லுங்கள். போர்ட்டபிள் பெட்டி செருகப்பட்டிருக்கக் கூடாது. தொடர்பு காட்டினால் அந்த இணைப்பு பெரும்பாலும் விநியோகப் பெட்டிக்குள்ளேயே, இரண்டு நியூட்ரலையும் ஒரே திருகில் முடுக்கிய இடத்தில் இருக்கும். அங்கே இல்லாவிட்டால் புதிய சாக்கெட்டைத் திறந்து பாருங்கள். முன்னே பேசிய துண்டுக் கம்பியை, தன் கைப்பழக்கத்தில், அவர் அங்கே போட்டுவிட்டுப் போயிருந்தாலும் ஆர்.சி.சி.பி. இப்படித்தான் விழும், அப்படியானால் அதைக் கழற்றிய பிறகு பெட்டியில் பச்சை விளக்கு தொடர்ந்து எரிகிறதா என்று மறுபடியும் பார்த்துவிட்டு எழுதுங்கள்.